கார்பன் இழைக்கு ஆம்பூரில் முலாம்

வேலூர் பேருந்து நிலையத்தில் கையில் பையோடு இறங்குகிற வெளியூர்க்காரனை எல்லோரும் நோயாளி என்றே முடிவு செய்துவிடுகிறார்கள். ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்து "ஆஸ்பத்திரியா சார்?" என்று கேட்கவில்லை. "எந்த வார்டு சார்?" என்றுதான் கேட்டார். லாட்ஜில் பெயர் எழுதிக்கொண்டவர், கூட வந்தவர் யார் என்றார். யாரும் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "தனியாவா வந்தீங்க? ஆபரேசன்னா கையெழுத்துப் போட ஆள் வேணுமே" என்றார். ஆம்பூரில் ஒரு பொருளுக்கு முலாம் பூச வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பக்கத்து அறையில் கல்கத்தாவிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒரு பெரியவர் தங்கியிருந்தார். மாலையில் வராந்தாவில் நின்றபோது ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"இதயமா, சிறுநீரகமா?"

"நிக்கல்" என்றேன்.

"அது எந்தக் கட்டிடத்தில்?" என்றார்.

என் பையில் இருந்தது ஒரு சுருள் கார்பன் இழை. பெங்களூரில் விமானப் பாகங்களுக்கான பொருட்களை ஆராயும் கூடம் ஒன்றில் நான் தொழில்நுட்ப அலுவலர். கார்பன் இழைகளைப் பிசினில் அடுக்கி, அழுத்தி, சூடாக்கினால் அலுமினியத்தைவிட லேசான, உறுதியான தகடு கிடைக்கும். அதில் ஒரு குறை உண்டு. உலோகத்தைப் போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாது. விமானத்தை மின்னல் தாக்கினால் அலுமினியம் அந்த மின்சாரத்தை உடம்பு முழுவதும் பரப்பி வெளியே விட்டுவிடும். கார்பன் தகடு, தாக்கிய இடத்திலேயே கருகி ஓட்டையாகிவிடும். ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லியதாக நிக்கல் ஏற்றிவிட்டால் இந்தக் குறை தீரும்.

எங்கள் கூடத்துக் கண்ணாடிக் குவளையில் சாண் நீள இழைக்கு நிக்கல் ஏற்றிப் பார்த்துவிட்டோம். தகடு செய்யச் சாண் போதாது, சுருள் வேண்டும். அதற்கு நீளமான தொட்டியும், பீப்பாய்க் கணக்கில் நிக்கல் கரைசலும், மின்சாரத்தை மாற்றித் தரும் பெரிய ரெக்டிபயரும் தேவை. பெங்களூரில் வெளிப் பட்டறைகளில் கொடுத்து இரண்டு சுருள்களைக் கெடுத்துக்கொண்டோம். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை எங்கள் தலைமை விஞ்ஞானி நடத்தும் கூட்டத்தில், மின்சாரம் கடத்தும் தகடு ஒன்றை நான் மேசைமேல் வைத்தாகவேண்டும். இல்லாவிட்டால் முலாம் பூசிய இழையையே அமெரிக்காவிலிருந்து வரவழைக்க உத்தரவு போய்விடும். மூன்று வருடமாக நானும் இரண்டு உதவியாளர்களும் செய்துவந்த வேலையை மூட்டை கட்டிவிட்டு, ஆளுக்கொரு பிரிவுக்குப் போகவேண்டியதுதான்.

ஆம்பூரில் முலாம் பட்டறை வைத்திருக்கும் நசீர் பாயை ஒரு தொழிற்கண்காட்சியில் சந்தித்திருந்தேன். செருப்பு, பெல்ட், கைப்பை ஆகியவற்றில் தைக்கும் பக்கிள்களுக்கு நிக்கல் பூசுவது அவர் தொழில். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கினு வாங்க சார், பாத்துக்கலாம்" என்றார். பெங்களூரில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்ததில்லை.

வேலூரில் இறங்கியதற்குக் காரணம் அசிட்டோன். இழை தயாரிக்கிறவர்கள் அது நைந்துபோகாமல் இருக்க அதன்மேல் ஒரு பிசின் பூச்சு கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை நிக்கல் பிடிக்காது. அதைக் கழுவ அசிட்டோன் வேண்டும். தீப்பிடிக்கும் திரவத்தை ரயிலில் கொண்டுவரக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரிகளுக்கு ரசாயனம் விற்கும் வேலூர்க் கடை ஒன்றில் வாங்கிக்கொள்ளத் திட்டமிட்டிருந்தேன். ரயிலைப் பற்றி யோசித்தவன் பேருந்தைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று இரவு ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டேன். பெங்களூர் இட்லியைவிடச் சிறியது, மென்மையானது. சட்னியில் காரம் அதிகம். இரவு ஒன்பது மணிக்கும் சுவர் சுட்டது. பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டில் அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். இங்கே ஜன்னலைத் திறந்தால் காற்றுக்குப் பதில் கோட்டை அகழியின் கொசு வந்தது.

வியாழன் காலை இரண்டு பாட்டில் அசிட்டோனோடு ஆம்பூர் பேருந்தில் ஏறினேன். சன்னலோர இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா நெருங்கும்போது ஒரு பாட்டிலின் மூடி தளர்ந்திருக்க வேண்டும். வாசனை மெதுவாகப் பேருந்து முழுவதும் பரவியது. முன்சீட்டுப் பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்து, "யாருடி பஸ்ல குந்திக்கினு நெயில் பாலிஷ் போடறது?" என்று தன் தங்கையைக் கேட்டாள். கண்டக்டர் மோப்பம் பிடித்தபடி ஒவ்வொரு சீட்டாக வந்தார். என் காலடியில் இருந்த பையருகே நின்றார்.

"இன்னா சார் இது?"

"அசிட்டோன். ஆராய்ச்சிக்கு."

"பத்திக்குமா?"

பொய் சொல்லத் தெரியாத சுபாவம். "பற்றிக்கொள்ளும்" என்றேன். கண்டக்டர் விசிலை நீளமாக ஊதினார்.

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க. பின்னாடி ஒருத்தர் பீடி வலிச்சிக்கினு இருக்காரு. எறங்குங்க சார், மொதல்ல எறங்குங்க!"

அவர் செய்தது முழுக்கச் சரி. நெடுஞ்சாலையில் புளியமரத்தடியில் நின்று மூடியை இறுக்கித் துணி சுற்றினேன். அடுத்து வந்த இரண்டு பேருந்துகளும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு லாரி நின்றது. பின்னால் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. பாட்டில்களைப் பற்றி முன்கூட்டியே சொன்னேன். டிரைவர் சிரித்தார்.

"நான் பீடி உட்டு ரெண்டு வருசம் ஆச்சு சார். நாத்தத்த பத்தி கவலப்படாதீங்க. நம்ம வண்டில எந்த நாத்தமும் தனியா தெரியாது."

அது உண்மை. ஆம்பூர் வரை அசிட்டோனை நான் முகரவே இல்லை. பாலாறு வலப்பக்கம் கூடவே வந்தது. ஆறு என்பது அகலமான மணல்தான். நடுவில் இரண்டு பேர் கிரிக்கெட் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

நசீர் பாயின் பட்டறை நீளமான ஓட்டுக்கட்டிடம். ஒரு சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள்: கழுவ, அமிலத்தில் முக்க, நிக்கல் ஏற்ற, மறுபடி கழுவ. மறுபக்கம் நீண்ட மேசையில் பெண்கள் பக்கிள்களைப் பொறுக்கிப் பார்த்தார்கள். நான் சுருளை எடுத்து நீட்டியதும் பாய் தன் தம்பியிடம் உருதுவில், "முடிக்கு நிக்கல் போட ஆள் வந்தாச்சு. அடுத்த வாரம் தாடிக்கு வருவார்" என்றார். பெங்களூரில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு உருது தெரியும். "தாடிக்கு குரோம்தான் எடுப்பாக இருக்கும்" என்று அதே மொழியில் சொன்னேன். பாய் ஒரு நொடி திகைத்துவிட்டு என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதன்பின் என்னை அவர் விருந்தாளியாகத்தான் நடத்தினார்.

மதியம் அவர் வீட்டுப் பிரியாணி. நீண்ட அரிசி இல்லை. சிறிய அரிசி, சீரகச் சம்பா. காரம் அளவாக இருந்தது. தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காயும் வெங்காயத் தயிரும். பெங்களூரில் பிரியாணி என்று நான் சாப்பிட்டுவந்ததற்கு இனி வேறு பெயர்தான் வைக்கவேண்டும். கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்குக் காலையில் முழுச் சுருளையும் ஆரம்பித்துவிடலாம்" என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம சார்" என்றார் பாய்.

"ஆமாம்."

"வெள்ளிக்கெழம இங்க எல்லாம் லீவு. பட்டறை, தோல் ஷாப்பு, செருப்பு கம்பெனி எல்லாம். ஞாயித்துக்கெழம நாங்க வேல செய்வோம்."

என் திட்டத்தில் வெள்ளி முலாம், சனி ஊர் திரும்புதல், ஞாயிறு எங்கள் கூடத்தில் தகடு செய்தல் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதற்குக்கூட அனுமதிக் கடிதம் வாங்கிவைத்திருந்தேன். வெள்ளிக்கிழமையை ஒரு வேலைநாளாகவே எண்ணிவிட்டேன். என் முகத்தைப் பார்த்த பாய், "பேஜார் ஆவாதீங்க. இன்னிக்கு சாய்ந்திரம் ஒரு துண்டு போட்டுப் பாக்கலாம்" என்றார்.

முழ நீளத் துண்டு ஒன்றை அசிட்டோனில் கழுவி, தொட்டியில் தொங்கவிட்டோம். வெளியே எடுத்தபோது அழகான வெள்ளிக் கயிறு மாதிரி இருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே கறுப்பு. கார்பன் இழை என்பது ஒற்றை நூல் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கற்றை. கற்றை கற்றையாகவே தொட்டிக்குள் போனால் வெளியே இருக்கும் இழைகள் நிக்கலை எல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவற்றை மூடிவிடும். பெங்களூரில் இரண்டு சுருள் கெட்டதும் இதனால்தான். கற்றையை நாடா மாதிரி விரித்து, விரித்த நிலையிலேயே தொட்டி வழியாக மெதுவாக இழுக்கவேண்டும்.

"நூல பிரிச்சு வைக்கணும், அவ்ளோதானே? தறிக்காரன் அததான் செய்றான். குடியாத்தம் போங்க. அங்க வெள்ளிக்கெழமையும் தறி ஓடும்" என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை குடியாத்தம் போனேன். பேருந்து இறங்கிய இடத்திலிருந்தே தறிச் சத்தம் கேட்டது. தெருவுக்குத் தெரு லுங்கி நெய்கிறார்கள். தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வழியை அடைத்து நின்றது. தறியில் பாவு நூல்களைத் தனித்தனியே பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற சட்டத்துக்கு அச்சு என்று பெயர். அதை விற்கும் கடைக்காரர் வாயில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எந்த லுங்கிக்கு?"

"லுங்கிக்கு இல்லை. இதற்கு" என்று இழையின் ஒரு துண்டை நீட்டினேன்.

விரலில் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "சவுரி முடியா? நல்லா பாலீஷா கீதே. யாரு தலது?"

"மனித முடி இல்லை. கரி."

"கரிய எவன்யா நூலா நூக்கறான்?" என்று பின்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து, துண்டைத் தன் கொண்டையருகே வைத்துப் பார்த்து, "நம்ம கலருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி கறுப்பு" என்று திருப்பிக் கொடுத்தார். நெருக்கமான பல் கொண்ட அச்சு இரண்டும், நூல் சுற்றும் ராட்டை ஒன்றும் வாங்கினேன். வாங்கிய பிறகும் கடைக்காரர் சந்தேகமாகவே பார்த்தார். திரும்பும் பேருந்தில் ராட்டைக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை முழுவதும் மின்சாரம் இல்லை. பெங்களூரில் மின்வெட்டு வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். இங்கே யாரும் எழவில்லை. பக்கிள் பொறுக்கும் மேசையை வெளிச்சத்துக்காக வாசலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நானும் அந்த நேரத்தில் அச்சுகளைத் தொட்டியின் இரு முனையிலும் பொருத்தினேன். மதியம் மின்சாரம் வந்ததும் ஒரு துண்டை ராட்டையில் கட்டி இழுத்தோம். நாடா போல விரிந்து உள்ளே போனது, நாடாவாகவே வெளியே வந்தது. வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு இல்லை. மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்ததும் முள் கடைசிவரை பாய்ந்தது.

"பாஸா சார்?" என்றார் பாய்.

"பாஸ்."

அன்று மாலை முழுச் சுருளையும் அசிட்டோனில் கழுவி முடித்தோம். பட்டறையில் லாக்கர் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் என்ற அம்மாள் எல்லாவற்றையும் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பக்கிளுக்கு நிக்கல் ஏறியதும் கடைசியாக லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷில் முக்கி உலர்த்துவது அவர் வேலை. அவர் கையைத் தாண்டாமல் எந்தப் பக்கிளும் பட்டறையை விட்டுப் போவதில்லை என்று பாய் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை, எஸ்தர் அம்மாள் முதல் ஆராதனை முடித்து வெள்ளைப் புடவையோடு வந்தபோது ராட்டை ஓட ஆரம்பித்திருந்தது. நானும் பாயும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். வேகமாகச் சுற்றினால் நிக்கல் குறையும், மெதுவாகச் சுற்றினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மதியத்துக்கு முன் கடைசி முழமும் வெளியே வந்தது. கழுவி, மரச்சட்டத்தில் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டோம். மதிய ரயிலைப் பிடித்தால் இரவுக்குள் எங்கள் கூடத்தில் தகட்டை அழுத்தத்தில் வைத்துவிடலாம். இழை உலரும் நேரத்தில் பயணச்சீட்டு வாங்கவும் ஒருவாய் சாப்பிடவும் நான் வெளியே போனேன். பாய் தொழுகைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது இழை நான் விட்டுப்போனதைவிடப் பளபளப்பாக இருந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகு மூக்கில் வாழைப்பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை ஏறியது. பையிலிருந்து மீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் வைத்தேன். முள் அசையவில்லை. இடம் மாற்றி வைத்தேன். அசையவில்லை.

"இன்னா சார், மீட்டர் கெட்டுப்போச்சா?" என்றார் எஸ்தர் அம்மாள்.

"இதில் என்ன போட்டீங்க?"

"லாக்கர் போட்டேன். பின்ன? அம்மணமாவா அனுப்புவாங்க?"

அவரே தொடர்ந்தார். "ஒரு தரம் லாக்கர் போடாத பக்கிள் சரக்கு கப்பல்ல போச்சு சார். போய் சேர்றதுக்குள்ள தோல்ல இருக்கற மருந்து பட்டு எல்லாம் பச்ச பூத்துடுச்சி. ஷூவோட முழு லோடும் திரும்பி வந்துச்சு. அன்னிலேர்ந்து லாக்கர் இல்லாம ஒண்ணும் வெளிய உடறதில்ல. நீங்க பெங்களூருக்கு எடுத்துக்கினு போறீங்க, வழில பச்ச பூக்கக் கூடாதுன்னு நல்ல லாக்கரா பாத்து ரெண்டு முக்கு முக்கினேன்."

பாய் உள்ளே வந்தார். இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். லாக்கர் மின்சாரத்தை விடாது. ஒவ்வோர் இழையும் இப்போது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற மாதிரி. இதை வைத்துத் தகடு செய்தால் பார்க்க அழகாக இருக்கும், வேறு எதற்கும் ஆகாது.

"எஸ்தரம்மா! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று பாய் கத்தினார்.

"நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொன்னீங்களா பாய்? இந்தப் பட்டறைல லாக்கர் போடவான்னு நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்? கேட்டாதான் திட்டுவீங்க."

பாய் என் பக்கம் திரும்பினார். இழை கரண்ட் கடத்தத்தான் என்று பாயிடம் சொல்லியிருந்தேனே தவிர அந்த மேசைப் பக்கம் போய் யாரிடமும் சொல்லவில்லை.

நல்லவேளை, லாக்கரைக் கரைக்கும் தின்னருக்குப் பட்டறையில் பஞ்சமில்லை. அகலமான தட்டுகளில் தின்னர் ஊற்றி, இழையை வளையம் வளையமாகக் கிடத்தி, அலசி, தின்னரை மாற்றி மறுபடி அலசினோம். எஸ்தர் அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு குனிந்தார். "தேய்க்காதீங்க சார், ஆட்டுங்க. பக்கிளுன்னு நெனச்சீங்களா?" என்று என்னையே அதட்டினார். சன்னல் கதவுகள் எல்லாம் திறந்திருந்தும் மூவருக்கும் தலைவலி. ஒவ்வோர் அலசலிலும் இழைகள் முறிந்து தட்டில் மிதந்தன. மாலைக்குள் லாக்கர் போய்விட்டது, மீட்டர் முள் எழுந்தது. ஆனால் சுருளில் பாதிக்கு மேல் நைந்து போயிருந்தது. மதிய ரயிலும் போய்விட்டது.

கையில் எஞ்சியதைக் கணக்கிட்டேன். உள்ளங்கை அகலத்தில் சிறிய தகடு ஒன்றுக்குப் போதும். ஆனால் இரவு ரயிலில் போனால் பெங்களூரில் அதை அழுத்திச் சூடாக்க நேரம் இருக்காது. பிசின் இழைக்குள் ஊறுகிறதா என்று சோதிக்க, அதையும் சிறிய டப்பா ஒன்றில் கொண்டுவந்திருந்தேன். அழுத்தமும் சூடும்தான் இல்லை.

"அழுத்தமும் சூடும்தானே?" என்றார் பாய். "பின்தெருவுல என் மச்சான் ரப்பர் சோல் போடறான். நாளு பூரா அழுத்தம், நாளு பூரா சூடு. ஞாயித்துக்கெழமதானே, ஓடிக்கினுதான் இருக்கும்."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிறிய கூடத்தில் ஒரே ஒரு பிரஸ். மேலும் கீழும் சூடான இரும்புப் பலகைகள், நடுவில் அச்சு. நான் தட்டையான அச்சு கேட்டேன். பிரஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோலு பிரஸ்ல சோலு அச்சுதான் சார் இருக்கும். எட்டாம் நம்பர் எடது காலு கீது. வலது காலு அச்சு ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருக்கு."

இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அந்த இடது காலுக்குள் அடுக்கிப் பிசினை ஊற்றினேன். ரப்பர் ஒட்டாமல் இருக்க அவர்கள் பூசும் சிலிக்கான் இதற்கும் உதவியது. பிரஸ்காரர் கைப்பிடியை இறக்கினார். ஓரத்தில் வழிந்த பிசினைத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததும் ஒடித்துப் பார்த்துவிட்டுப் பாயிடம் திரும்பினார்.

"பாய், இது சோலுக்கு ஆவாது. நடந்தா ஒடைஞ்சிடும்."

"நடக்கறதுக்கு இல்லப்பா, பறக்கறதுக்கு" என்றார் பாய்.

அச்சைத் திறந்தபோது இரும்பு நிறத்தில் ஒரு முழுமையான இடது கால் வெளியே வந்தது. வழுக்காமல் இருப்பதற்கான வரிகள், குதிகாலில் எட்டு என்ற எண், எல்லாம் தெளிவாக இருந்தன. ஆறட்டும் என்றார் பாய். காத்திருக்க என்னால் முடியவில்லை. மேல்தோலில் பிசின் இருக்கும் என்பதால் கால்விரல் முனையையும் குதிகாலையும் உப்புத்தாளால் தேய்த்து மீட்டரை வைத்தேன். முள் கடைசிவரை போய் நின்றது. பிரஸ்காரர் ஆர்வமாகக் குனிந்து பார்த்தார். எஸ்தர் அம்மாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்த முள்ளு போவணும், அவ்ளோதானா? இத நேத்தே சொல்லக் கூடாதா?" என்றார்.

இரவு ரயிலில் உட்கார இடம் இல்லை. கதவருகே பைமேல் உட்கார்ந்து வந்தேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் காற்று குளிர்ந்தது. பக்கத்தில் நின்றவர், என் மடியில் துண்டில் சுற்றியிருந்ததன் வடிவத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு செருப்பு தொலைஞ்சிட்டுதா சார்?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

திங்கட்கிழமை கூட்டம் எங்கள் கூடத்தின் மாடி அறையில் நடந்தது. வெளிநாட்டுக் கொள்முதலைக் கவனிப்பவர் தட்டச்சு செய்த உத்தரவோடு வந்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் சாதாரணக் கார்பன் தகட்டை மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் துண்டைப் பிரித்து இடது காலை வைத்தேன். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் முதலில் அந்தத் தகட்டையும் பிறகு இடது காலையும் அளந்து காட்டினேன். சாதாரணத் தகட்டில் முள் சற்றே எழுந்து நின்றது. இடது காலில் மறுமுனைக்குப் பாய்ந்தது.

தலைமை விஞ்ஞானி அதிகம் பேசாதவர். மீட்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை அளந்தார். வரிகளின்மேல் விரலை ஓட்டினார். குதிகாலில் இருந்த எண்ணைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். பிறகு கொள்முதல்காரர் நீட்டியிருந்த தாளை எடுத்து, அதில் முலாம் பூசிய இழை என்ற வரியை அடித்து, மேலே சாதாரண இழை, நான்கு சுருள், முலாம் இங்கேயே என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வலது கால் எங்கே?" என்றார்.

"அந்த அச்சு ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருக்கிறது சார்" என்றேன்.